எல்டன் ரிங்கா, டார்க் சோல்ஸா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எல்டன் ரிங் வாங்கலாமா, அதற்கு முன் டார்க் சோல்ஸ் விளையாடியே ஆக வேண்டுமா, எது அதிகக் கஷ்டம்? நான் இந்த கேம்களில் விழுந்து கிடக்கிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து நண்பர்கள் இதையேதான் கேட்கிறார்கள். வாட்ஸாப்பில் ஆளுக்கொரு பதில் தட்டி விரல் வலித்ததுதான் மிச்சம். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கதையின் முக்கியத் திருப்பங்களைச் சொல்லவில்லை. சில பாஸ்களின் (வழியில் அடித்து வீழ்த்த வேண்டிய பெரிய எதிரிகள்) பெயரும் சில இடங்களின் பெயரும் வரும், அவ்வளவுதான்.

இந்த வரிசையில் மொத்தம் எத்தனை கேம்கள்?

எல்லாமே டோக்கியோவில் இருக்கும் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனத்தின் கேம்கள். 2009இல் டீமன்ஸ் சோல்ஸ், 2011இல் டார்க் சோல்ஸ், 2014இல் அதன் இரண்டாம் பாகம், 2015இல் பிளட்போர்ன், 2016இல் டார்க் சோல்ஸ் 3, 2019இல் செகிரோ, 2022 பிப்ரவரி 25 அன்று எல்டன் ரிங். இரண்டாம் பாகம் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் இயக்குநர் ஹிடேடாகா மியாசாகி. இரண்டாம் பாகத்தை இயக்கிய இருவரில் ஒருவரான யூயி தனிமுரா, எல்டன் ரிங்கில் மியாசாகியோடு சேர்ந்து வேலை செய்தார். இந்த விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இன்றைக்கு உலகமே கொண்டாடுகிற இந்த வரிசை ஆரம்பத்தில் யாருக்கும் வேண்டாத பிள்ளை. டீமன்ஸ் சோல்ஸுக்குப் பணம் போட்ட சோனியே அதை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வெளியிட முன்வரவில்லை. அமெரிக்காவில் அட்லஸ் என்ற வேறொரு நிறுவனம்தான் வெளியிட்டது. பதின்மூன்று வருடம் கழித்து வந்த எல்டன் ரிங், மூன்றே வாரத்தில் 1.2 கோடி பிரதிகள் விற்றது. 2025க்குள் 3 கோடியைத் தாண்டிவிட்டது.

பழைய கேம்களை விளையாடாமல் நேராக எல்டன் ரிங்கில் இறங்கலாமா?

தாராளமாக. கதை தொடர்ச்சி எதுவும் இல்லை. டார்க் சோல்ஸ் மூன்று பாகங்களுக்குள் மட்டும் ஒரு மெல்லிய இழை ஓடும். டீமன்ஸ் சோல்ஸ், பிளட்போர்ன், செகிரோ, எல்டன் ரிங் நான்கும் தனித்தனி உலகங்கள்.

சரி, எது அதிகக் கஷ்டம்?

இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. எல்டன் ரிங்தான் இருப்பதிலேயே சுலபம் என்று ஒருவர் அடித்துச் சொல்வார். இதன் பாஸ்கள் மாதிரி கொடூரம் எங்கேயும் கிடையாது என்று இன்னொருவர் சண்டைக்கு வருவார். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான்.

பழைய டார்க் சோல்ஸில் பாஸின் அசைவுகள் மெதுவாக இருக்கும். கையை ஓங்குவார், இறக்குவார், நடுவே மூச்சு வாங்குவார். நாமும் மெதுவாகத்தான் நகர்வோம். பார்வையை எதிரிமேல் பூட்டிக்கொண்டு உருண்டால் நான்கு திசைக்கு மேல் உருள முடியாது. கஷ்டம் பாஸிடம் இருந்ததைவிட, பாஸ் வரைக்கும் போய்ச் சேருவதில் இருந்தது. இருட்டு, குறுகலான பலகைப் பாலம், மூலையில் பதுங்கியிருக்கும் ஆள், விஷச் சேறு. பாஸிடம் போய் நிற்கும்போது உயிரை நிரப்பும் எஸ்டஸ் குப்பியில் இரண்டு மடக்குதான் மிச்சம் இருக்கும்.

பிளட்போர்ன் கேடயத்தைப் பிடுங்கிவிட்டு வேகத்தைக் கொடுத்தது. டார்க் சோல்ஸ் 3 அந்த வேகத்தைத் தன் பாஸ்களுக்கும் கொடுத்தது. எல்டன் ரிங் பாஸ்கள் அதற்கும் மேலே போய்விட்டார்கள். ஐந்து அடி, ஏழு அடி என்று தொடர்ச்சியாக வரும், முடிந்தது என்று நினைத்து நாம் ஓர் அடி வைத்தால் எட்டாவது அடி வந்து விழும். ஒரு பாஸை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் எல்டன் ரிங்தான் கஷ்டம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் எல்டன் ரிங்கில் அந்த பாஸை இப்போதே அடித்தாக வேண்டும் என்ற கட்டாயம் பெரும்பாலும் கிடையாது. திரும்பிப் போய்விடலாம். குதிரை ஏறித் தெற்கே போனால் ஒரு தீபகற்பம், கிழக்கே போனால் சிவந்து அழுகிய ஒரு நிலம், வடக்கே ஒரு பெரிய ஏரி. பத்து மணி நேரம் சுற்றிவிட்டு, ஆயுதத்தைக் கூர்தீட்டி, இருபது லெவல் ஏறி வந்தால் அதே பாஸ் மூன்று நிமிடத்தில் கீழே கிடப்பார். டார்க் சோல்ஸில் ஆர்ன்ஸ்டைனும் ஸ்மோவும் கோயில் வாசலில் நந்தி மாதிரி வழியை மறித்து நிற்பார்கள். அந்த இரட்டையரைத் தாண்டாமல் அடுத்த பாதி கேமே கிடையாது. எல்டன் ரிங்கில் முதல் கோட்டையான ஸ்டார்ம்வெயிலையே சுற்றிக்கொண்டு அடுத்த நாட்டுக்குப் போகப் பின்பக்கம் ஓர் ஒற்றையடிப் பாதை இருக்கிறது.

என்னைக் கேட்டால், இந்த வரிசையில் மற்ற எல்லா மாற்றத்தையும்விடப் பெரிய மாற்றம் இந்த விட்டுவிட்டுப் போகும் வசதிதான். எல்டன் ரிங்கின் நல்லதும் கெட்டதும் அங்கிருந்துதான் வருகின்றன.

மார்கிட்டிடம் இருபது முறை செத்துவிட்டேன். என்ன தப்பு செய்கிறேன்?

சீக்கிரமாக உருள்கிறீர்கள். டார்க் சோல்ஸ் 3இலிருந்து வந்தவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு இது, நானும் செய்தேன்.

ஸ்டார்ம்வெயில் கோட்டைக்கு முன்னால் நிற்கும் பாஸ்தான் மார்கிட். கோலைத் தலைக்கு மேலே தூக்குவார். பழைய கேமாக இருந்தால் தூக்கிய கை அதே வேகத்தில் இறங்கும், தூக்குவதைப் பார்த்ததும் உருண்டால் தப்பிவிடலாம். இவர் தூக்கிய கோலை அப்படியே நிறுத்திவிடுவார். ஒரு நொடிக்கும் மேல். நாம் பதறி உருண்டு, எழுந்து, நிமிரும் நேரம் பார்த்து அடி உச்சியில் இறங்கும். தூக்கும் கையைப் பார்க்காதீர்கள். அது இறங்கத் தொடங்கும்போது பொத்தானை அழுத்துங்கள். இன்னொன்று, அவர் கண்ணெதிரே குப்பியைக் குடிக்காதீர்கள். நீங்கள் குடிக்கத் தொடங்கியதும் ஒளிக்கத்தியை வீசுவார். அவருடைய நீண்ட தாக்குதல் ஒன்று முடிந்த பிறகு, தூரம் போய்க் குடியுங்கள்.

இதெல்லாம் வேண்டாம் என்றால், முன்பே சொன்னதுதான்: வீப்பிங் பெனின்சுலா என்ற தெற்குத் தீபகற்பத்துக்குப் போய்விட்டு வாருங்கள். அந்த இடம் ஆரம்பக்காரர்களுக்காகவே செய்யப்பட்டது. கேம் உங்களை மார்கிட்டை நோக்கித் தங்க ஒளிக்கீற்றால் வழிகாட்டும். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு போய் முட்டிக்கொள்கிறவர்கள்தான் முதல் வாரத்திலேயே கேமை விட்டவர்கள்.

இஷ்டப்படி சுற்றித் திரியும் ஓப்பன் வேர்ல்டு ஆனதில் லாபமா, நஷ்டமா?

இரண்டும் உண்டு. முதலில் நஷ்டத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் எல்டன் ரிங்கோடு இந்த வரிசைக்குள் வந்தவர்களுக்கு அது தெரியவே தெரியாது.

டார்க் சோல்ஸ் முதல் பாகத்தில் ஃபயர்லிங்க் என்ற இடத்தில் கிளம்புவீர்கள். இடிந்த கோயில், ஒரு நெருப்பு, வாழ்க்கை வெறுத்து உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள். அங்கிருந்து படியேறி ஒரு பாழடைந்த ஊருக்குள் போவீர்கள். மாடி மேல் மாடி, கூரை மேல் கூரை. காளை முகத்தோடு ஓர் அசுரன், பாலத்தின் மேல் நெருப்பு உமிழும் டிராகன், இரும்புக் கவசம் போட்ட பன்றி. நாலைந்து மணி நேரம் மேலே மேலே போய், ஊரை விட்டு எங்கேயோ வந்துவிட்டோம் என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள். எதிரிகளைக் கொன்று சேர்த்த சோல்ஸ் (லெவல் ஏற்ற உதவும் காசு) எல்லாம் போய்விடுமோ என்ற பயம் வேறு. அப்போது ஒரு தேவாலயத்தின் ஓரத்தில் ஒரு லிஃப்ட். ஏறி நின்றால் இறங்குகிறது, இறங்குகிறது, இறங்கிக்கொண்டே இருக்கிறது. கதவைத் தாண்டி வெளியே வந்தால் அதே இடிந்த கோயில், அதே நெருப்பு, அதே வாழ்க்கை வெறுத்த ஆள்.

அந்த நொடியில் மண்டைக்குள் ஒரு வரைபடம் மடிந்து ஒட்டிக்கொள்ளும். கேம் பாதி தாண்டும் வரை இடம் விட்டு இடம் தாவும் வசதியே கிடையாது. ஆகவே ஒவ்வொரு குறுக்குவழியும் பொக்கிஷம். பிளைட்டவுன் சேற்றின் அடியில் நின்றுகொண்டு, சூரியனைப் பார்க்க இவ்வளவு தூரம் மறுபடியும் ஏறணுமே என்று வயிறு கலங்கும். எல்டன் ரிங் எந்த இடத்திலும் எனக்கு அந்தக் கலக்கத்தைத் தரவில்லை. மேப்பைத் திறந்தால் நினைத்த இடத்துக்கு ஒரே தாவல்.

இப்போது லாபம். எல்டன் ரிங்கின் தொடக்க நிலமான லிம்கிரேவில் முதல் கதவைத் திறந்து வெளியே வந்ததும் தங்கக் கவசத்தோடு குதிரைமேல் ஒருவன் உலவிக்கொண்டிருப்பான், ட்ரீ சென்டினல். முதல் முறை விளையாடுகிறவர் எப்படியும் இரண்டே அடியில் சாவார். அதில் ஒரு பாடம் இருக்கிறது: இவனை இப்போது விடு, சுற்றிப் போ. அதன்பின் என் முதல் நாற்பது மணி நேரம், சின்ன வயதில் கோடை விடுமுறையில் சைக்கிள் எடுத்துக்கொண்டு தெரியாத ஊருக்குள் நுழைந்தது மாதிரிதான் போனது. ஒரு கிணற்று மேடை மாதிரி ஏதோ தெரிந்தது, ஏறினேன், லிஃப்ட் இறங்கத் தொடங்கியது. ஒரு நிமிடத்துக்கும் மேல் இறங்கியது. கீழே போய் நின்றால் தலைக்கு மேல் நட்சத்திர வானம், பூமிக்கு அடியில். ஸியோஃப்ரா நதி. டார்க் சோல்ஸின் லிஃப்ட் வீட்டுக்குக் கூட்டிவந்தது, இந்த லிஃப்ட் தெரியாத இடத்தில் இறக்கிவிட்டது. இரண்டு கேமுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்ல எனக்கு இந்த இரண்டு லிஃப்டுகள் போதும்.

ஆனால் அந்த வியப்பு கடைசி வரை நீடிக்கவில்லை. சிறு குகைகளும் கல்லறைகளும் ஒரே அச்சில் வார்த்தவை. மரக்காவலர்கள், புண் பிடித்த மர ஆவிகள் என்று அதே பாஸ்கள் திரும்பத் திரும்ப வருவார்கள். காட்ரிக் என்ற அருமையான பாஸையே வேறு பெயரில் ஒரு சிறைக்குள் மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். பனிமலைப் பகுதி வரும்போது எனக்கு அலுப்பே வந்துவிட்டது. ஐம்பது, அறுபது மணி நேரத்தில் முடிகிற டார்க் சோல்ஸில் இந்த அலுப்பு இல்லை. (அதன் பிற்பாதி அவசரமாகச் செய்தது, எரிமலைப் பகுதியில் ஒரே எதிரியை வரிசையாக நட்டு வைத்திருப்பார்கள். அது வேறு விஷயம்.)

செத்தால் என்ன ஆகும்? பழைய கேம்களைவிடத் தண்டனை குறைவா?

அடிப்படை அதேதான். சேர்த்து வைத்த சோல்ஸ், இங்கே ரூன், செத்த இடத்தில் விழுந்து கிடக்கும். திரும்பிப் போய் எடுக்கலாம். வழியில் இன்னொரு முறை செத்தால் போச்சு. பரமபதத்தில் தொண்ணூற்றெட்டில் பாம்பு கடித்த மாதிரி இருக்கும்.

மாறியது திரும்பி நடக்கும் தூரம். டீமன்ஸ் சோல்ஸில் பாஸிடம் செத்தால் அந்தப் பகுதியின் தொடக்கத்திலிருந்து ஓட வேண்டும். பாதியளவு உயிர்தான் இருக்கும் என்பது தனிக் கொடுமை. டார்க் சோல்ஸ் 2இல் ஒவ்வொரு சாவுக்கும் உயிரின் உச்ச அளவு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து பாதியில் வந்து நிற்கும். எல்டன் ரிங்கில் பெரும்பாலான பெரிய பாஸ்களின் வாசலிலேயே, செத்தவர் மறுபடி எழும் இடமாக மரிகா கல் நட்டிருக்கிறார்கள், பத்து எட்டு வைத்தால் மறுபடி சண்டை. இது இரக்கம் இல்லை, கணக்கு. பாஸை இவ்வளவு கடினமாக்கியபின் நடையையும் வைத்தால் யாரும் விளையாட மாட்டார்கள். திறந்தவெளியில் ஓர் எதிரிக் கூட்டத்தை முழுசாக அழித்தால் குப்பியும் கொஞ்சம் நிரம்பும்.

ஸ்பிரிட் ஆஷ் வைத்து பாஸை அடிப்பது ஏமாற்று வேலையா?

இல்லை. யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

ஸ்பிரிட் ஆஷ் என்பது மணியடித்து ஆவிகளைத் துணைக்கு அழைப்பது. ஓநாய்கள், ஜெல்லிமீன், உங்களைப் போலவே ஒரு நகல் என்று விதவிதமாக இருக்கும். பழைய கேம்களிலும் பாஸ் வாசலில் தரையில் கிடக்கும் குறியைத் தொட்டுத் துணை ஆளைக் கூப்பிடலாம். சூரியனைப் பார்த்துக் கை தூக்கும் சொலேரை அழைத்துக்கொண்டு போகாத டார்க் சோல்ஸ் ரசிகர் குறைவு. அப்போது யாரும் ஏமாற்று என்று சொல்லவில்லை.

எனக்கு இருக்கும் குறை வேறு. பல பாஸ்களை இந்தத் துணையை மனதில் வைத்தே செதுக்கியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. தனியாகப் போனால் திருப்பி அடிக்க இடைவெளியே கிடைக்காது, ஆவியோடு போனால் பாஸ் குழம்பிப்போய் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். நடுவில் ஒரு நிதானமான நிலை இல்லை. டார்க் சோல்ஸ் 3இன் நல்ல பாஸ்களோடு ஒற்றைக்கு ஒற்றை நின்றபோது கிடைத்த தாளம் இங்கே சில பாஸ்களிடம்தான் கிடைத்தது. நகல் ஆவியான மிமிக் டியர் வெளிவந்தபோது ஒற்றை ஆளாகவே பாஸை முடித்துவிடும். 2022 மார்ச்சில் அதன் பலத்தைக் குறைத்தார்கள். இப்போதும் நல்ல துணைதான்.

சண்டை முறையில் எந்தப் பழைய கேமிலிருந்து என்ன வந்திருக்கிறது?

கூட்டுக் குடும்பத்துச் சீர் மாதிரி எல்லோரும் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். நீல மானாவும் ஆயுதத்தின் தனித்திறனும் டார்க் சோல்ஸ் 3. குனிந்து பதுங்குவதும் ஒழுங்கான குதியும் செகிரோ. எதிரியின் நிலை குலையும்வரை அடித்து, பிறகு ஒரு பெரிய குத்து குத்துவதும் செகிரோவின் சாயல்தான், ஆனால் இங்கே அந்த அளவு திரையில் தெரியாது. இரண்டு கையிலும் ஒரே வகை ஆயுதம் பிடித்து அடிக்கும் முறை டார்க் சோல்ஸ் 2. புதிதாக வந்தது கார்டு கவுன்டர்: கேடயத்தில் அடி வாங்கிய கையோடு கனத்த தாக்குதல் பொத்தானை அழுத்தினால் திருப்பி ஓர் இடி. கேடயம் பிடிக்கிறவர்களைச் சோம்பேறிகள் என்று கிண்டல் செய்த காலம் இதோடு முடிந்தது.

டார்க் சோல்ஸ் 2 நிஜமாகவே அவ்வளவு மோசமா?

மோசம் என்று சொல்கிறவர்கள் அடுக்கும் குறைகள் எல்லாம் உண்மை. உருளும்போது அடிபடாமல் இருக்கும் நேரத்தையே ஒரு லெவல் எண்ணோடு கட்டிப்போட்டார்கள், அடாப்டபிலிட்டி என்று பெயர். அதை ஏற்றாதவர் சரியாக உருண்டும் அடி வாங்குவார். ஏன் என்று கேம் சொல்லாது. எங்கே பார்த்தாலும் ஐந்து பேர் சேர்ந்து பாய்வார்கள். எரிமலைக் கோட்டைக்கு லிஃப்டில் மேலே ஏறிப் போவீர்கள், கீழேயிருந்து பார்த்தால் அங்கே மலையே இருக்காது.

இருந்தாலும் எல்டன் ரிங்கை விளையாடிவிட்டு இதற்குத் திரும்பினால் ஆச்சரியம் காத்திருக்கிறது. தொடக்கத்திலிருந்தே இடம் விட்டு இடம் தாவுவது, லெவல்களைக் கலைத்து மறுபடி போடுவது, இரட்டை ஆயுதம், நாலா பக்கமும் கிளைவிடும் பாதைகள், நூற்றுக்கணக்கில் ஆயுதம்: எல்டன் ரிங்கின் பாதி இங்கேதான் முளைத்தது. முதல் கேள்வியில் தனிமுரா பெயரை ஞாபகம் வைக்கச் சொன்னது இதற்குத்தான்.

லெவலைத் தப்பாக ஏற்றிவிட்டேன். முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

வேண்டாம். ராயா லுகாரியா அகாடமியில் ரென்னாலா என்ற பாஸைத் தோற்கடித்தபின், லார்வல் டியர் என்ற பொருள் ஒன்றைக் கொடுத்து எல்லா எண்களையும் கலைத்துப் போடலாம். டார்க் சோல்ஸ் முதல் பாகத்திலும் பிளட்போர்னிலும் இந்த வசதி இல்லை. மூன்றாம் பாகத்தில் ஒரு சுற்றுக்கு ஐந்து முறை.

என்ன ஏற்றுவது என்று தெரியாவிட்டால் உயிரின் அளவைக் கூட்டும் விகரை ஏற்றுங்கள். பழைய கேம்களில் உயிரைக் குறைவாக வைத்துக்கொண்டு பலத்தை ஏற்றிச் சமாளித்தவர்கள் உண்டு. இங்கே அந்தப் பருப்பு வேகாது. பாதி கேமுக்குள் 40, கடைசிக்குள் 60. ஆயுதத்தையும் கூடவே மேம்படுத்துங்கள். சாதாரண ஆயுதம் 25 படி, சிறப்பு ஆயுதம் 10 படி போகும். லெவலைவிட இதுதான் சேதத்தைக் கூட்டும்.

கதை ஒன்றுமே புரியவில்லையே?

எங்களுக்கும் அப்படித்தான். மியாசாகி சிறுவயதில் தன் வாசிப்புத் திறனுக்கு மீறிய புத்தகங்களை நூலகத்தில் எடுத்துப் படித்து, புரியாத பக்கங்களைத் தன் கற்பனையால் இட்டு நிரப்பினாராம். அவரே பேட்டியில் சொன்னது. அவர் கேம்களும் அந்தப் பாதி புரிந்த பக்கங்கள் மாதிரிதான் இருக்கும். மோதிரத்தின் குறிப்பில் ஒரு வரி, பிணத்தின் கையில் இருக்கும் பொருள், எந்தச் சிலையின் தலை உடைந்திருக்கிறது என்பது. இவற்றைக் கோத்துக்கொள்வது நம் வேலை.

எல்டன் ரிங்குக்காக ஜார்ஜ் ஆர். ஆர். மார்டின் எழுதியது கேம் தொடங்குவதற்கு வெகு காலம் முந்தைய வரலாறு. வசனங்களை அவர் எழுதவில்லை. அதனால்தானோ என்னவோ, இங்கே யார் யாருக்கு அண்ணன், யார் யாரை மறுமணம் செய்தார் என்ற குடும்ப விவகாரம் அதிகம். டார்க் சோல்ஸில் உலகம் அணைந்துகொண்டிருக்கும் ஒரு விளக்கு. இங்கே அது சொத்துத் தகராறு. நம் ஊர் மகாபாரதக் கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இரண்டாவதைப் பிடித்துக்கொள்வது சுலபம்.

தமிழில் வசன வரிகள் கிடையாது. ஆங்கிலமும் பழைய பாணி ஆங்கிலம். பொருட்களின் குறிப்பைப் பொறுமையாகப் படிக்க வேண்டியிருக்கும்.

நண்பனோடு சேர்ந்து விளையாடலாமா?

விளையாடலாம், ஆனால் முதலிலிருந்து கடைசிவரை ஒன்றாக அல்ல. இருவரும் ஒரே கடவுச்சொல் வைத்துக்கொண்டு, ஒருவர் குறி போட மற்றவர் அழைப்பார். ஒரு பாஸ் முடிந்ததும் வந்தவர் தன் உலகத்துக்குத் திரும்பிவிடுவார். கூட ஆள் இருக்கும்போது குதிரை ஏற முடியாது, இவ்வளவு பெரிய நிலத்தில் நடந்தே போக வேண்டும்.

பழைய கேம்களிலிருந்து பெரிய மாற்றம் ஒன்று: டார்க் சோல்ஸில் மனித வடிவில் இருந்தால் தனியாக இருக்கும்போதும் வேறொருவர் உங்கள் உலகத்துக்குள் நுழைந்து கொல்ல வரலாம். எல்டன் ரிங்கில் நீங்களாக வலியப்போய் அழைக்காத வரை, துணை இருந்தால்தான் அவர்கள் வருவார்கள். தனியாக விளையாடுபவருக்கு நிம்மதி. எனக்கு அந்தப் பழைய பயம் கொஞ்சம் மிஸ் ஆகிறது.

முன்பின் தெரியாதவர் உதவிக்கு வந்து, ஒரு வார்த்தை பேசாமல் போய்விடும் இந்த முறைக்கு ஒரு பின்கதை உண்டு. பனி பெய்த ஒரு மேட்டில் மியாசாகியின் காரும் மற்ற கார்களும் ஏற முடியாமல் வழுக்கின. பின்னால் இருந்த கார் முன்னதைத் தள்ள, அப்படியே வரிசையாக எல்லாரும் மேலே ஏறினார்கள். இறங்கி நன்றி சொன்னால் பின்னால் வருபவர் மாட்டிக்கொள்வார் என்பதால் யாரும் நிற்கவில்லை. அவர்களை அதன்பின் பார்க்கவே இல்லை.

மலேனியாவை எப்படித்தான் அடிப்பது?

எல்டன் ரிங்கின் இந்த பாஸைக் கொல்லாமலேயே கேமை முடிக்கலாம், அது தெரியும்தானே? இருந்தும் எல்லாரும் போகிறோம்.

அவர் அடி உங்கள்மேல் பட்டால் அவர் உயிர் ஏறும், கேடயத்தில் பட்டாலும் ஏறும். ஆகவே கேடயத்தின் பின்னால் ஒளிவது பலிக்காது. அந்தரத்தில் எழும்பி ஒரு கணம் நிற்பார், அதுதான் பெயர்பெற்ற நீர்ப்பறவை நடனம். அவர் எழும்பியதைக் கண்டதும் வேறு எதையும் நினைக்காமல் எதிர்ப்பக்கம் ஓடுங்கள். முதல் இரண்டு சுழற்சியும் எட்டாத தூரம் போய்விட்டால் மூன்றாவதை உருண்டு தாண்டலாம். அவருக்கு இருக்கும் ஒரே பலவீனம், அடித்தால் தடுமாறுவார். அதனால் கனமான ஆயுதம் நல்லது, உறைபனியும் இரத்தக்கசிவும் நல்லது.

முடியவில்லை என்றால் குறி தேடி ஆளைக் கூப்பிடுங்கள். 2022இல் உடம்பில் கோவணமும் தலையில் ஒரு ஜாடியும் மட்டும் போட்டுக்கொண்டு ஒருவர் வந்து நின்று, நீங்கள் ஓரமாக இருங்கள் என்று மலேனியாவைத் தனியாக முடித்துக் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். கேமை வெளியிட்ட நிறுவனமே அவருக்கு ஒரு வாள் பரிசனுப்பியது.

ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீயை எப்போது தொடங்கலாம்?

2024 ஜூன் 21 அன்று வந்த இந்த டிஎல்சிக்குள் (எல்டன் ரிங்கோடு சேரும் கூடுதல் பகுதி) நுழைய ராடான், மோக் என்ற இரண்டு பாஸ்களையும் முடித்திருக்க வேண்டும். உள்ளே போனதும் 150 லெவலில் இருப்பவரும் சாதாரண சிப்பாயிடம் அடி வாங்கித் திகைப்பார். இங்கே லெவலைவிட ஸ்கடுட்ரீ துண்டுகள்தான் கணக்கு. அவற்றைத் தேடிச் சேர்த்தால் மட்டுமே பலம் கூடும். அதாவது சுற்றிப் பார்க்காமல் நேராக பாஸிடம் ஓடுகிறவரைத் தண்டிக்கிற ஏற்பாடு. எனக்குப் பிடித்திருந்தது. ஆரம்பத்தில் எழுந்த கூக்குரலைக் கேட்டு முதல் சில துண்டுகளின் பலத்தை ஒரே வாரத்தில் கூட்டினார்கள். கடைசி பாஸின் வேகத்தையும் அந்த செப்டம்பரில் கொஞ்சம் தணித்தார்கள். ஆகவே முதல் வாரத்தில் முடித்தேன் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் மரியாதை கொடுங்கள்.

ஈசி மோடு இருக்கிறதா?

எந்தப் பாகத்திலும் இல்லை.

என் கணினியில் ஓடுமா?

எல்டன் ரிங்குக்குக் குறைந்தபட்சம் 12 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1060 தரத்தில் ஒரு கிராஃபிக்ஸ் கார்டு, 60 ஜிபி இடம் கேட்கிறார்கள். நொடிக்கு 60 ஃபிரேமுக்கு மேல் போகாது. பழைய கணினி என்றால் முதல் பாகத்தின் மெருகேற்றிய பதிப்பான டார்க் சோல்ஸ் ரீமாஸ்டர்டு ஓடிவிடும். பிளட்போர்ன் கணினிக்கு வரவே இல்லை, பிளேஸ்டேஷன் வேண்டும். எதுவாக இருந்தாலும் ஒரு கன்ட்ரோலர் வாங்கிவிடுங்கள்.

எல்லாவற்றையும் விளையாட ஆசை. எந்த வரிசையில் போவது?

முதலில் டார்க் சோல்ஸ் ரீமாஸ்டர்டு. எல்டன் ரிங்கின் வேகமும் குதிரையும் பழகியபின் அதற்குத் திரும்பினால் கை கால் கட்டிப்போட்ட மாதிரி இருக்கும், லிஃப்ட் தரும் வியப்பும் பாதியாகிவிடும். பிறகு மூன்றாம் பாகம், அப்புறம் எல்டன் ரிங். இரண்டாம் பாகத்தை எல்டன் ரிங்குக்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள், காரணம் மேலே சொல்லிவிட்டேன். செகிரோ எப்போது வேண்டுமானாலும். அதில் லெவலும் இல்லை, விருப்பம்போல் ஆளை வடிவமைக்கும் பில்டும் இல்லை, துணைக்கு ஆளும் வராது. ஓடி ஒளிய இடமில்லாத கேம், வாளோடு வாள் மோதும் சத்தத்தைக் காதால் கேட்டு விளையாட வேண்டியது.

அவ்வளவு நேரம் இல்லை, ஒன்றே ஒன்றுதான் என்றால் எல்டன் ரிங். பனிமலை வந்ததும் பக்கத்துக் குகைகளை எல்லாம் விட்டுவிட்டு நேராகக் கதையோடு போங்கள்.

நைட்ரெய்ன் இதன் இரண்டாம் பாகமா?

இல்லை. 2025 மே மாதம் வந்தது. மியாசாகி இயக்கவில்லை, ஜுன்யா இஷிசாகி இயக்கினார். மூன்று பேர் சேர்ந்து, சுருங்கிவரும் நிலத்தில் ஓடி ஓடிப் பொருள் சேர்த்து, ஒரு பாஸை அடிக்கும் குறுகிய ஆட்டம். பழைய டார்க் சோல்ஸ் பாஸ்கள் சிலரும் வருவார்கள். பேசி விளையாட நண்பர்கள் இருந்தால் வாங்குங்கள்.

பேட்சஸ் என்று ஒருவன் குகையில் மன்னிப்புக் கேட்டு மண்டியிடுகிறான். விட்டுவிடலாமா?

விட்டுவிடுங்கள், கடை போடுவான், நல்ல பொருட்கள் வைத்திருப்பான். ஆனால் டீமன்ஸ் சோல்ஸ் காலத்திலிருந்து இந்த மொட்டைத் தலையன் நம்மைப் பள்ளத்தில் உதைத்துத் தள்ளுவதையே தொழிலாக வைத்திருக்கிறான். அந்தக் குகையில் இருக்கும் அவன் பெட்டியைத் திறக்காதீர்கள். பின்னால் எங்காவது மலை விளிம்பில் ஒளிரும் கல்லைப் பார்த்து எட்டிப் பார்க்கத் தோன்றினால், முதலில் திரும்பி முதுகுப்பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.